பேர் எழுதி வச்ச மேட்டுப்பாத்தி

அந்தக் கதவு திறந்தா ஒரு குரல் குடுங்க தம்பி. கோசலை வீட்டுக்காரர் யாருன்னு கூப்பிடுவாங்க. எனக்கு இந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தம். அதுவுமில்லாம இன்னைக்கு யாரு என்ன பேசினாலும் உள்ள ஏற மாட்டேங்குது. நீங்க யாருக்காக உக்காந்திருக்கீங்க? அப்பாவா? கால்தானே. பயப்படாதீங்க, மாவுக்கட்டு போட்டு அனுப்பிடுவாங்க. வயசான எலும்பு, சேர கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். உங்க அப்பாவுக்கு நீங்க யாருன்னு தெரியுதில்ல? அது போதும்.

என் சம்சாரத்துக்கு நான் யாருன்னு தெரியல.

காலைல காபி போட்டுக் குடுத்தா. சட்டைல பொத்தான் ஒண்ணு அந்து தொங்கிச்சு, நில்லுங்கன்னு சொல்லி, போட்டிருக்கற சட்டையிலயே தச்சு, பல்லால நூலைக் கடிச்சு விட்டா. இந்தா, இந்தப் பொத்தான்தான். மத்தியானம் நான் வீட்டுக்குள்ள போய் நிக்கிறேன், என்னைப் பாத்து, நீங்க கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தவரான்னு கேக்கறா. உங்களுக்குச் சிரிப்பு வந்தாலும் வரும். எனக்கு வரல. முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கோம் தம்பி. சண்டை போட்டிருக்கா, பேசாம இருந்திருக்கா, அம்மா வீட்டுக்குப் போய் உக்காந்திருக்கா. யாருன்னு கேட்டதில்ல.

உள்ள ஒரு டாக்டரம்மா இருக்கு, சின்னப் பொண்ணுதான். நல்லாத்தான் விசாரிச்சுது. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, தூக்க மாத்திரை போடுவாங்களா, எங்கயாவது விழுந்தாங்களா, ஒத்துக்காதது எதாச்சும் சாப்பிட்டாங்களா. நான் டக்கு டக்குன்னு பதில் சொன்னேன். வெளில வாங்கிச் சாப்பிடற பழக்கமே எங்க வீட்ல கிடையாதும்மா, காய் கீரையெல்லாம் சொந்தத் தோட்டம், மருந்து அடிக்காதது, அந்தப் பேச்சுக்கே இடமில்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அதுவும் சரின்னு எழுதிக்கிச்சு. மூளைக்குப் போற ரத்தத்துல அடைப்பு இருக்கலாம், இல்ல மூளைக்காய்ச்சலா இருக்கலாம், தலையை ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லுச்சு. கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, திரும்பவும் அடிச்சுப் பாத்துச்சு. நானும் எட்டிப் பாத்தேன். கண்ணு முழுக்கக் கறுப்பு தம்பி. மூஞ்சி செவசெவன்னு இருக்கு, உடம்பு கொதிக்குது, ஒரு பொட்டு வேர்வை இல்ல. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. விரலை இப்படி இப்படின்னு ஆட்டிக்கிட்டே இருக்கா. முதல்ல எனக்குப் புரியல. அப்புறம்தான் புரிஞ்சுது. பொத்தான் தைக்கறா. ஊசியுமில்ல, நூலுமில்ல, சட்டையுமில்ல. காத்துல குத்தி, இழுத்து, பல்லால கடிச்சு விடறா.

கதவு திறந்துச்சா? இல்ல, வார்டு பாய்தான்.

ஸ்கேன்ல ஒண்ணும் தெரியப் போறதில்ல. எழுதி வச்சுக்குங்க. இது டாக்டருக்குப் பிடிபடற சமாச்சாரமில்ல. கோசலையோட தம்பி, என் மச்சான், கார் எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்கான். வந்ததும் ஒரு கையெழுத்தப் போட்டுட்டு அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிடப் போறேன். துறையூர் தாண்டி ஒரு பூசாரி இருக்காராம், கோயில்ல என்கூட நிக்கிற ஆளு போன்ல சொன்னார். இருட்டறதுக்குள்ள கொண்டு போய்ச் சேத்துடணுமாம். டாக்டரம்மாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா விட மாட்டாங்க. மச்சான் வரட்டும்.

ஏன்னு கேக்கறீங்களா? இதைப் பாருங்க. தொடாதீங்க, பாக்க மட்டும் பாருங்க. கைக்குட்டைல சுத்திச் சட்டைப் பையில வச்சிருக்கேன். ஊமத்தம்பூ. சிவனுக்குப் போடறது. உங்க வயசுப் பசங்களுக்குத் தெரியாது. எனக்கு நல்லாத் தெரியும், மாசத்துக்கு ரெண்டு பிரதோஷம் வருதே, எங்க நகர் ஈஸ்வரன் கோயில்ல மாலைக்கூடையை எடுத்து எடுத்துக் குடுக்கறது நான்தான். இன்னைக்கு சனிப் பிரதோஷம். இந்நேரம் அபிஷேகத்துக்குத் தயார் பண்ணிக்கிட்டிருப்பாங்க. அதை விடுங்க. நான் வீட்டுக்குள்ள ஓடினப்ப எங்க சாமி படத்துல இந்தப் பூ இருந்துச்சு. நான் வைக்கல. கோசலை சிவன் கோயில் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டா, அவளுக்கு மாரியம்மன்தான் எல்லாம். கடையில வாங்கின பூவும் இல்ல. செடிலருந்து அப்பத்தான் பறிச்ச மாதிரி காம்புல ஈரம். அப்ப அதை வீட்டுக்குள்ள கொண்டாந்தது யாரு? எனக்குத் தெரியும் யாருன்னு. கீழ் வீட்டுக் குணசீலன்.

மொதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் பிடிபடும். எனக்கும் சும்மா உக்காந்திருக்க முடியல.

என் பேரு ஜம்புலிங்கம். துவாக்குடில ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருந்தவன். நட்டு, போல்ட்டு, வாஷர், பேரிங்கு. என் ஸ்டோர்ஸ்ல பேர் எழுதாத டப்பா ஒண்ணு நீங்க பாக்க முடியாது. வெளில என்ன எழுதியிருக்கோ அதுதான் உள்ள இருக்கும். புதுசா வர்ற இஞ்சினியருங்க மூடியைத் திறந்து பாப்பாங்க. நான் திறக்கவே மாட்டேன், எனக்கு எழுத்து போதும். ரிட்டையர் ஆகி வீட்ல உக்காந்தப்ப வேற வேலை ஒண்ணும் ஓடல. கோசலையோட மசாலா டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினேன். அவளுக்குக் கோபம், உப்புக்கும் சர்க்கரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதான்னு. நாளைக்கு யாராவது புதுசா வந்து சமைச்சா தெரியணுமில்லன்னேன். யாரு வரப்போறான்னு கேட்டா. எங்களுக்குப் புள்ளைங்க இல்ல.

அப்புறம்தான் மொட்டைமாடில மேட்டுப்பாத்தி போட்டேன். தரையைத் தோண்டாம, மண்ணை மேல தூக்கிக் கட்டற பாத்தி. ஆரம்பிக்கறவங்களுக்கு இதைவிட லேசு ஒண்ணுமில்ல, உங்க வீட்டு மாடிலயும் போடலாம். கீழ செங்கல்லை இடம் விட்டு வரிசையா அடுக்கிடணும், அப்பத்தான் தண்ணி நிக்காம ஓடும். அது மேல பலகை. சுத்தியும் ஒரு அடி உயரத்துக்கு அடைப்பு. கம்பெனிக்கு மிஷின் வந்த பெட்டிப் பலகை சும்மா கெடந்துச்சு, கேட்டு வாங்கிட்டு வந்தேன். உள்ள தார்ப்பாய் விரிச்சு அங்கங்க ஓட்டை போட்டு, செம்மண்ணு, தென்னைநார்க் கழிவு, எரு மூணையும் கலந்து ரொப்பணும். அகலத்துக்கு ஒரே கணக்குதான், ஓரத்துல நின்னு கைய நீட்டினா நடுப்பாத்தி எட்டணும். உள்ள காலே வைக்கக் கூடாது, மண்ணு இறுகிடும். ஈரம் போதுமான்னு பாக்க விரலை விட்டுப் பாத்தாப் போதும். எல்லாம் வீடியோ பாத்துப் படிச்சதுதான்.

மூணு பாத்தி போட்டேன். எருதான் பத்தல. அப்பத்தான் கோயில் மாலை ஞாபகம் வந்துச்சு. சாமி மேலருந்து களைஞ்ச மாலையைக் கால்ல மிதிபட விடக் கூடாது, குப்பைத்தொட்டிலயும் போடக் கூடாது. முன்னெல்லாம் காவேரில விட்டுக்கிட்டிருந்தோம், இப்ப அங்க போட்டா சத்தம் போடறாங்க. கோயில் பின்னாடி மூட்டை மூட்டையா கெடந்து மக்கிக்கிட்டிருந்துச்சு. என்கிட்ட குடுத்துடுங்க சாமி, நான் செடிக்குப் போட்டுக்கறேன்னேன். குருக்களுக்கு அவ்வளவு சந்தோஷம். வில்வம், அருகம்புல்லு, எருக்கம்பூ, ஊமத்தம்பூ எல்லாம் இருக்கும் அதுல. சில பேரு ஊமத்தையைக் காயோடயே ஒடிச்சு மாலைல வச்சுக் கட்டிக்கிட்டு வருவாங்க. முள்ளு முள்ளா உருண்டையா இருக்கும், மூட்டை தூக்கறப்ப முதுகுல குத்தும். எல்லாத்தையும் மாடில காய வச்சு, கையாலயே நுணுக்கி, பாத்தி மண்ணோட கலந்துட்டேன். சாமி மேல கெடந்தது தம்பி. அதைவிட நல்ல எரு எங்க கிடைக்கும்?

மொத பாத்தி சிறுகீரை, ரெண்டாவது வெண்டை, மூணாவது மணத்தக்காளி. கோசலைக்கு வயித்துப்புண்ணு உண்டு, மணத்தக்காளிக்கீரை அதுக்கு நல்லது. அவளுக்காகத்தான் அந்தப் பாத்தியே போட்டேன். பெயிண்டால அழகா பேர் எழுதி ஒவ்வொண்ணுலயும் ஒரு பலகை நட்டேன். மணத்தக்காளி ரொம்ப நாள் தலையையே காட்டல. விதை சரியில்லையோன்னு நெனச்சுக்கிட்டிருக்கறப்ப வந்துச்சு பாருங்க, குபுகுபுன்னு. தடிச்ச தண்டு, உள்ளங்கை அகலத்துக்கு இலை. மத்த ரெண்டு பாத்தியும் அது பக்கத்துல நிக்க முடியாது. வீடியோல காட்டற மணத்தக்காளி இத்தனூண்டு இலையா இருந்துச்சு. எங்க மண்ணு சத்து வேற, அவங்க மண்ணு சத்து வேறன்னு விட்டுட்டேன். நான் டவுன்ல பொறந்து ஸ்டோர்ஸ்லயே கெடந்தவன், மணத்தக்காளியைக் கடையில கட்டாத்தான் பாத்திருக்கேன். செடியாப் பாத்ததில்ல. ஆனா பலகைல எழுதியிருக்கில்ல.

கோசலைதான் தொணதொணன்னு எதாச்சும் சொல்லிக்கிட்டே இருந்தா. ஒரு நாள் இலையைக் கசக்கி மோந்து பாத்துட்டு, என்னங்க இது ஈரத்துணி மக்கின மாதிரி நாத்தமடிக்குதுன்னா. கடைக்கீரையோட மருந்து வாசனைல பழகின மூக்கு உன்னுதுன்னேன். இது மணத்தக்காளிதானான்னு கேட்டா. பலகையைப் படின்னேன். படிச்சா. படிச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்துட்டுக் கீழ போயிட்டா.

இப்ப யாரையோ கூப்பிட்டாங்களே, கோசலைன்னா? இல்லையா. சரி.

குணசீலன் கதைக்கு வரேன். மொபைல் ரிப்பேர் கடை வச்சிருக்கான், முப்பத்தஞ்சு வயசிருக்கும். சம்சாரம் ரெண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கு, கொல்லிமலை அடிவாரம். அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு மந்திரம் மாயம் என்னென்ன தெரியும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மூத்த பொண்ணு ரித்திகா, நாலாவது படிக்குது, அப்பனோட இருக்கு. அவனே சமைச்சுப் போடறான். எனக்கும் அவனுக்கும் ஆரம்பத்துல ஒண்ணுமில்ல. பாத்திக்குத் தண்ணி விட்டா கொஞ்சம் செம்மண்ணு கரைஞ்சு குழாய் வழியா எறங்கும். எறங்கத்தானே செய்யும். அது அவன் கடை யூனிபார்ம் சட்டை காயற கொடியில தெறிச்சுது. மேல வந்து சத்தம் போட்டான். இவ்வளவு மண்ணை மாடில ஏத்தி வச்சிருக்கீங்களே, மொத்த வீடும் எம்புள்ள தலையில எறங்கினா யாரு பொறுப்புன்னான். நானும் விடல. பேச்சு தடிச்சுப் போச்சு. கடைசில அவன், ஒரு நாள் உங்களுக்கே தெரியும் சார்னு சொல்லிட்டு எறங்கினான். ஒரு நாள் உங்களுக்கே தெரியும். கேட்டீங்களா? அந்த வார்த்தை எனக்கு இன்னைக்கு மத்தியானத்துலருந்து காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

நேத்து சாயங்காலம் மூணாவது பாத்தியை மொத மொதல்லா அறுத்தேன். மணத்தக்காளியோட கொஞ்சம் சிறுகீரையும் சேத்துக் கலவைக்கீரையா ரெண்டு கட்டு கட்டினேன். மூலைல ஒரு செடியை மட்டும் விதைக்குன்னு விட்டேன். அதுல நீளமா ஒரு மொட்டு, குடையை மடக்கி வச்ச மாதிரி முறுக்கிக்கிட்டு நின்னுச்சு. மணத்தக்காளிக்கு இவ்வளவு பெரிய மொட்டான்னு எனக்கே ஒரு பெருமை. ஒரு கட்டு எங்களுக்கு. இன்னொரு கட்டைக் கோசலை கீழ் வீட்டுக்குக் குடுத்துடலாம்னா. பாவங்க, தனியா சமைக்கறான், மண்ணு தெறிச்சதுக்கும் ஒரு சமாதானம் ஆயிடும்னா. எனக்கு மனசில்ல. ஆனாலும் அந்தப் புள்ளைக்காகக் கொண்டு போய்க் குடுத்தேன். அது கதவைத் திறந்துச்சு, கட்டைப் பாத்ததும் மூஞ்சியைச் சுளிச்சுது. கீரை சாப்பிடலைன்னா கண்ணு தெரியாமப் போயிடும், கட்டாயம் சாப்பிடணும், நான் நாளைக்கு வந்து கேப்பேன்னு மெரட்டிட்டு வந்தேன். அன்பாத்தான் மெரட்டினேன்.

இன்னைக்கு எனக்கு விரதம், காலைல காபியோட சரி. சாயங்காலம் பிரதோஷம் முடியற வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டேன். சனிப் பிரதோஷம்னா கூட்டம் அதிகம், அதனால சீக்கிரமே கோயிலுக்குக் கெளம்பிட்டேன். கெளம்பறப்பச் சொல்லிட்டுத்தான் போனேன், கீரையைக் கடைஞ்சு நீ நேரத்துக்குச் சாப்பிட்டுடு, எனக்காகக் காத்துக்கிட்டிருக்காதேன்னு. கொஞ்ச நேரத்துல போன் பண்ணினா. ஏங்க, கசக்குதுங்கன்னா. மணத்தக்காளின்னா கசக்கத்தான் செய்யும், கசப்புதான் புண்ணை ஆத்தும், மிச்சம் வைக்காம சாப்பிடுன்னேன். சரின்னா. என் பேச்சைக் கேக்கறது அபூர்வம், இன்னைக்குக் கேட்டா.

அப்புறம் இன்னொரு போன். அந்தக் குரலை என்னால மறக்க முடியாது தம்பி. ரகசியம் பேசற மாதிரி மெதுவா, ஏங்க, ஹால்ல யாரோ வந்து உக்காந்திருக்காங்கன்னா. யாருடின்னு கேட்டேன். தெரியல, எங்க அம்மா மாதிரி இருக்கு, தண்ணி கேக்குதுன்னா. எங்க மாமியார் போய்ச் சேந்து எத்தனையோ வருஷமாச்சு. பட்டப்பகல், கோயில்ல மணி அடிச்சுக்கிட்டிருக்கு. செருப்பை மறந்துட்டேன். வெறுங்காலோட ஓடினேன். பாருங்க, இன்னும் வெறுங்கால்தான்.

வீட்டு வாசல் திறந்து கெடக்கு. அடுப்படில குழாயில தண்ணி ஓடிக்கிட்டிருக்கு. கோசலை ஹால்ல நடுவுல நின்னுக்கிட்டு சுவத்தைத் தடவறா, வழி தேடற மாதிரி. என்னைப் பாத்துத்தான் கேஸ்காரர்னு சொன்னா. அப்புறம் திடீர்னு சிரிச்சுட்டு, உங்க செடி பூத்துடுச்சு, உங்க சாமிக்கே வச்சுட்டேன்னா. அடுத்த நிமிஷம், கேஸ்காரருக்கு மோர் குடும்மான்னு யாருமில்லாத நாற்காலியைப் பாத்துச் சொல்றா. எதைன்னு எடுத்துக்கறது? எல்லாம் பிதற்றல். அப்பத்தான் சாமி படத்தைப் பாத்தேன், இந்தப் பூ. எனக்கு எல்லாம் ஒண்ணொண்ணா விளங்கிடுச்சு. கீரையை வாங்கிக்கிட்டுப் பதிலுக்குப் பூவை அனுப்பியிருக்கான். மந்திரிச்சு அனுப்பியிருக்கான். அவளும் வெகுளியா வாங்கி வச்சிருக்கா.

அப்படியும் நான் அவன் கதவைத் தட்டினேன் தம்பி. அவளைத் தனியா எறக்க முடியல, கை குடுக்க ஆள் வேணும், வேற வழி. உள்ள டிவி சத்தம் கேக்குது, வாசல்ல வண்டி நிக்குது, கதவு மட்டும் திறக்கல. போன் பண்ணினேன், உள்ள மணி அடிக்கறது எனக்கே கேக்குது, எடுக்கல. மடில கனமில்லாதவன் எடுத்திருக்க மாட்டானா? எதிர்வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரும் சேந்துதான் இவளை ஏத்தி விட்டாங்க. இங்க வந்தும் போன் பண்ணிப் பாத்தேன். எடுக்கல. ஒளிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான். பண்ணினதைப் பண்ணிட்டு மூஞ்சியைக் காட்டத் தைரியமில்ல. அவ மட்டும் நல்லாகி வரட்டும், அவனை நான் சும்மா விடறதா இல்ல.

உண்மையச் சொல்லட்டுமா? கோபமெல்லாம் வாயிலதான் இருக்கு. பயமா இருக்கு தம்பி. அவ இல்லாட்டி எனக்கு ஒண்ணும் தெரியாது. எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு எழுதி வச்சிருக்கேன், அதை எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியாது. அவ திரும்ப என்னை யாருன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?

இருங்க, போன் அடிக்குது. மச்சானா இருக்கும். இல்ல. அவன்தான். குணசீலன் நம்பர். பாத்தீங்களா, மனசு உறுத்துது அவனுக்கு. இருங்க, ஸ்பீக்கர்ல போட வேணாம், நான் பேசிக்கறேன்.

ஹலோ. சொல்லு. சொல்லுடா. யாரு? ரித்திகாவா? ஏம்மா அழறே? அப்பாகிட்ட குடு. ஏன் பேச மாட்டார்? மெதுவாச் சொல்லு கண்ணு, தாத்தாவுக்கு ஒண்ணும் புரியல.

தம்பி, அவங்க அப்பா தரையில உக்காந்து போன் கழட்டறாராம். ஆனா கையில போனே இல்லையாம். காத்துல திருகு கழட்டிக் கழட்டிப் பக்கத்துல வைக்கறாராம். கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறார், நீ யாரு வீட்டுப் பாப்பான்னு கேக்கறாராம்.

அவனுக்குமா? அவனுக்கு எப்படி? அவன்தானே...

ரித்திகா, நான் கதவைத் தட்டினேனே, நீ உள்ளதானே இருந்தே? அப்பா யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரா. சரி, சரி, உன் மேல தப்பில்ல. காலைல யாராவது வீட்டுக்கு வந்தாங்களா? பூ எதாச்சும்? இல்லையா. அப்பா மேல் வீட்டுக்கு வந்தாரா? வரவே இல்லையா. காலைல என்ன சாப்பிட்டார்?

என்ன கீரை?

நான் குடுத்த கீரையா.

தம்பி. இந்தப் பூவைக் கொஞ்சம் பிடிங்க. பிடிங்க, பரவாயில்ல. இதழை மெதுவா மடக்குங்க. இன்னும் முறுக்குங்க. அந்த மாதிரிதான். அதே மாதிரிதான் நேத்து மூலைச் செடியில நின்னுச்சு. உங்க செடி பூத்துடுச்சுன்னாளே. தெளிவாத்தானே சொன்னா. துணி காயப் போட மாடிக்குப் போயிருக்கா, பூத்திருந்ததைப் பறிச்சுக்கிட்டு வந்து சாமிக்கு வச்சிருக்கா. யாரும் கொண்டாரல. காய் காயா நுணுக்கினேன், இந்தக் கையால. பொடிப்பொடியா விதை கொட்டுச்சு, அதையும் சேத்துத்தான் கலந்தேன். அது மணத்தக்காளியே இல்ல. நான் பேர் எழுதினேன், அது வேற ஒண்ணா மொளைச்சு வந்துச்சு. ஊமத்தை. மாசத்துக்கு ரெண்டு தடவை பூவைக் கையில எடுக்கறேன், ஒரு தடவை அந்தச் செடி எப்படி இருக்கும்னு கேட்டதில்ல.

டாக்டர்கிட்ட சொந்தத் தோட்டம்னு சொல்லிட்டேனே. அந்தப் பேச்சுக்கே இடமில்லன்னு சொன்னேனே.

நீங்க போங்க. ஓடுங்க தம்பி, கேட்டா நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. அந்த டாக்டரம்மா கையிலயே பூவைக் குடுங்க. கோசலைக்கு ஸ்கேன் இருக்கட்டும், அவ சாப்பிட்டது ஊமத்தை இலை, காலைல சாப்பிட்டது, முழுசா சாப்பிட்டான்னு சொல்லுங்க. கீரைன்னு சொல்லாதீங்க, ஊமத்தைன்னு சொல்லுங்க. நான் இந்தப் புள்ளை கூடப் பேசிக்கிட்டே பின்னாடி வரேன், லைனை வைக்க முடியாது. மச்சான் வந்தா கையெழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம். கார் நேரா எங்க வீட்டுக்குப் போகட்டும்.

ரித்திகா, இருக்கியா கண்ணு? தாத்தா இருக்கேன். ஓடிப் போய் வாசல் கதவைத் திறந்து வை. திறக்கலாம், நான்தான் சொல்றேன். எதிர்வீட்டு மாமாவை சத்தம் போட்டுக் கூப்பிடு, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வரணும்னு சொல்லு. சொல்லிட்டியா? நல்ல புள்ள. இப்ப தாத்தா ஒண்ணு கேக்கறேன், பயப்படாமச் சொல்லணும். நீ அந்தக் கீரையைச் சாப்பிட்டியா?

ஏன் பேச மாட்டேங்கறே? நான் கோவிச்சுக்க மாட்டேம்மா. சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன்.

சாப்பிடலையா? ஒரு வாய்கூடவா? அப்பா பாக்காதப்ப ஜன்னல் வழியாப் போட்டுட்டியா?

இல்லம்மா, திட்டல. தாத்தா அழல, சளி. நல்ல வேலை பண்ணினே. நீ எதையும் சாப்பிட வேணாம். உனக்குப் பிடிக்கலைன்னா வேணாம், இனிமே யாரும் வந்து கேக்க மாட்டாங்க.